நாலு விதச் சாப்பாட்டு வீட்டுக்கு ஒரு மாவு மில்

திருச்சி உறையூரில் எங்கள் தெரு முடிந்து மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு மாவு மில் இருக்கிறது. பதினாலு வருடமாக அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். தீபாவளி முறுக்குக்கு வருடத்துக்கு ஒரு தடவை படியேறுவதோடு சரி. போன ஆடி மாதத்திலிருந்து மாதம் இரண்டு ஞாயிறு அங்கே தூக்குகளோடு போய் நிற்கிறேன். எங்கள் வீட்டு மளிகைச் செலவு மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் குறைந்திருக்கிறது என்றால் பெரும்பங்கு அந்த மில்லுக்குத்தான். நல்லது எது, எதற்கு அங்கே போகக் கூடாது என்று இரண்டையும் எழுதுகிறேன்.

வீட்டைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஐந்து பேர். அம்மாவுக்கு 71 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை, கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம், கபடி ஆடுகிறாள். காலையில் மைதானத்திலிருந்து வரும்போதே பசியோடு வருவாள். மனைவிக்கு மருத்துவமனையில் ஷிப்ட் வேலை. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை என்றால் அசைவம் தொடமாட்டார். மகனுக்கு 11 வயது. எட்டாவது வயதில் அவனுக்குச் சீலியாக் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்கிற புரதம் அவன் உடம்புக்குள் போனால் குடல் புண்ணாகும். கொஞ்சமாகத் தின்றால் பரவாயில்லை என்ற பேச்சே இதில் கிடையாது. நான் எது போட்டாலும் சாப்பிடுவேன்.

நான் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். போன வருடம் ஆனி மாதம் முழுக்க வீட்டுக்கு வந்த பில்களை ஒரு நோட்டில் ஒட்டிக் கூட்டினேன். பாலும் காஸும் சேர்க்காமல் 16,400 ரூபாய். மகள் சாப்பிடும் கறியும் முட்டையும்தான் இழுக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது தப்பு. அரிசி ரேஷனில் விலையில்லாமல் வருகிறது. அங்கேயே துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். காய்கறி தென்னூர் உழவர் சந்தையில். இதிலெல்லாம் பெரிய ஓட்டை இல்லை. ஓட்டை பாக்கெட்டுகளில் இருந்தது.

மகனுக்குக் குளூட்டன் இல்லாத மாவு கிலோ 220 ரூபாய், மாதம் நாலு கிலோ. அவனுக்கென்று தனியாக பிஸ்கட், பாஸ்தா 900 ரூபாய். அம்மாவுக்குச் சர்க்கரைக்காரர்களுக்கானது என்று அட்டையில் எழுதிய கோதுமை மாவு கிலோ 130 ரூபாய், ஐந்து கிலோ. அப்புறம் சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் 400. மகளுக்கு அரைக் கிலோ 400 ரூபாய்க்கு விற்கிற சத்து பானம் இரண்டு டப்பா, புரத பார் 600. மசாலாப் பொடி 600. மொத்தம் 4,830 ரூபாய். பாக்கெட்டுகளைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன். கேழ்வரகு, கொண்டைக்கடலை, சோயா, வெந்தயம், பொட்டுக்கடலை. எல்லாம் நம் கடையில் மூட்டையாக இருக்கிற சாமான். அதை யாரோ அரைத்து, பெயர் வைத்து, டப்பாவில் போட்டுத் தருகிறார்கள். அந்த அரைக்கிற வேலைக்குத்தான் இவ்வளவு கொடுத்துக்கொண்டிருந்தோம். அரைக்கிற இடமோ எங்கள் தெருமுனையில் இருக்கிறது.

மில் சின்னதுதான். உள்ளே நாலு மிஷின். ஈர அரிசிக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று, கேழ்வரகு, கம்பு, சத்துமாவுக்கு ஒன்று, கடைசியாகச் சுவரோரம் மிளகாய் மிஷின். கணவன் மனைவி இரண்டு பேர் நடத்துகிறார்கள். அக்கா எடை போட்டு, தூக்கின் மேல் சாக்பீஸால் எண் எழுதி வரிசையில் வைப்பார். அண்ணன் மிஷினில் நிற்பார். அவர் புருவம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். மேலே வாயில் தானியத்தைக் கொட்டிவிட்டு, கீழே மாவு இறங்கும் துணிக்குழாயை ஒரு கையால் பிடித்துத் தட்டிக்கொண்டே, மறு கையால் விழுகிற மாவில் ஒரு சிட்டிகை எடுத்துப் பார்ப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு நசுக்கு. அவ்வளவுதான். நைசா, ரவையா என்று அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்; பிடியை ஒரு சுற்று திருப்புவார். பாக்கெட்டில் கிடைக்காத ஒன்று இதுதான். எந்தப் பதத்தில் வேண்டும் என்று நாம் சொல்லலாம்.

அம்மா விஷயத்தில் இந்தப் பதம்தான் முக்கியமாக இருந்தது. சர்க்கரைக்கு நல்லது என்று காலையில் அவருக்குக் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தோம். மாவு பவுடர் மாதிரி நைசாக இருக்கும், தண்ணீராகக் காய்ச்சுவோம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஏறியிருக்கும். மனைவி வேலை பார்க்கிற இடத்து உணவு ஆலோசகர் காரணம் சொன்னார். தானியம் எவ்வளவு நைசாகிறதோ அவ்வளவு சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சேரும், கேழ்வரகென்றாலும் அப்படித்தான். அதன் பிறகு அண்ணனிடம் "அம்மாவுக்கு, ரவையா விடுங்க" என்று சொல்லி வாங்குகிறேன். அதைக் களியாகக் கிண்டி, கீரைக் குழம்போடு ஓர் உருண்டை. களிக்குப் பல் வேண்டாம், விழுங்கினால் போதும்.

சப்பாத்தி மாவுக்குக் கோதுமை மூன்று கிலோ, கறுப்புக் கொண்டைக்கடலை அரைக் கிலோ, சோயா கால் கிலோ, வெந்தயம் 50 கிராம். சாமான் 206 ரூபாய், அரைக்கூலி கிலோவுக்கு 10 ரூபாய் வீதம் 38. மொத்தம் 244 ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் கிலோ மாவு. கிலோ 65 ரூபாய் அளவில்தான் வருகிறது. ரேஷனில் கோதுமை போடுகிற மாதம் இன்னும் குறையும். தவிட்டைச் சலித்து எறிவதில்லை. இந்த மாவைச் சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்தால் அம்மாவால் பிய்த்துச் சாப்பிட முடிகிறது. மாவை மாற்றினால் சர்க்கரை இறங்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனை சப்பாத்தி என்பதுதான் கணக்கு. அம்மாவுக்கு ராத்திரி இரண்டு, மூன்றாவது கிடையாது.

மகளுக்குச் சத்துமாவு. கேழ்வரகு ஒரு கிலோ. கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, வேர்க்கடலை ஒவ்வொன்றும் அரைக் கிலோ. பத்துப் பன்னிரண்டு ஏலக்காய். முந்தின நாள் ராத்திரி ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து ஆற வைக்க வேண்டும். ஒன்றாகப் போட்டு வறுத்தால் பாசிப்பயறு கருகும்போது கொண்டைக்கடலை பச்சையாகவே இருக்கும். வேர்க்கடலையைத் தனியாக மிஷினில் போட்டால் எண்ணெய் விட்டுச் சல்லடையில் அப்பிக்கொள்ளும். பொட்டுக்கடலையோடு கலந்து கடைசியில் போடச் சொல்லி அக்காதான் கற்றுக்கொடுத்தார். கூலியோடு கிலோ 110 ரூபாய் ஆகிறது. டப்பாக் கணக்கில் அதே ஒரு கிலோ 800 ரூபாய். மகள் முதல் வாரம் முகத்தைச் சுளித்தாள், பழைய பானத்தின் இனிப்பு இதில் இல்லை. கருப்பட்டி கொஞ்சம் தட்டிப் போட்டுக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. புரத பாருக்குப் பதில் அவித்த முட்டை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். நாமக்கல் எங்களுக்குப் பக்கம். முப்பது முட்டை அட்டையாக வாங்கினால் அவளுக்குத் தினம் மூன்று கொடுத்தாலும் பார் வாங்கியதை விட நிறைவாக இருக்கிறது.

இனி மகன். இதை நிதானமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இங்கே நான் தப்புச் செய்தேன்.

முதல் மாதமே அவனுக்கும் சேர்த்துக் கேழ்வரகும் பச்சரிசியும் எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். "அக்கா, பையனுக்குக் கோதுமை ஆகாது, தனியா அரைச்சுக் குடுங்க" என்றேன். "அதுக்கென்ன தம்பி, அரிசி போட்டு மிஷினைத் துடைச்சுட்டு அரைச்சுத் தர்றேன்" என்றார். சொன்னபடியே ஒரு கைப்பிடி அரிசியை முதலில் ஓட்டி, அந்த மாவை ஒதுக்கிவிட்டுத்தான் எங்களுடையதைப் போட்டார். ஞாயிறு ராத்திரி அந்தக் கேழ்வரகில் புட்டு. திங்கள் விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

உணவு ஆலோசகர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளின் மேல் அச்சடிக்க வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியானால் ஒரு கிலோ கேழ்வரகு மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே அந்த எல்லை தாண்டிவிடும். கால் கிராம் என்பது விரல் நுனியில் ஒட்டுகிற மாவு. அந்த மில்லில் கோதுமை மிஷின் ஓடும்போது வெயில் விழுகிற ஜன்னலோரம் நின்று பாருங்கள், காற்றிலேயே அதைவிட அதிகம் மிதக்கும். அக்கா மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் சொன்னதை நம்பி, தனக்குத் தெரிந்த அளவுக்குச் சுத்தமாகத்தான் செய்தார். அந்த அறையில் அவ்வளவுதான் முடியும். உங்கள் வீட்டிலும் சீலியாக் பிள்ளை இருந்தால், கோதுமை அரைக்கிற எந்தப் பொது மில்லுக்கும் அந்தப் பிள்ளையின் தானியத்தை எடுத்துப் போகாதீர்கள். எவ்வளவு துடைத்தாலும் வேண்டாம்.

அவன் மாவை இப்போது வீட்டிலேயே செய்கிறோம். பச்சரிசியை முறத்தில் போட்டுப் பொறுக்கி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, பழைய வேட்டியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே விடுகிறேன். கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் மிக்ஸியில் அடித்து, சலித்து, கப்பியை மறுபடி அடித்து, வாணலியில் வெறுமனே வறுக்க வேண்டும். முதலில் ஆவி வரும். பிறகு மாவு இலேசாகி, விரலில் எடுத்துக் கோடு இழுத்தால் கோலம் மாதிரி இழை விழும். அப்போது இறக்கிவிடலாம். இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை மூன்றுக்கும் அதுதான். அரிசி கிலோ 50 ரூபாய். 220 ரூபாய் மாவு வேண்டியதில்லை. கேழ்வரகை முழுசாக ஊறவைத்துக் கிரைண்டரிலேயே உளுந்தோடு ஆட்டித் தோசை ஊற்றுகிறோம். முறத்தில் பொறுக்குவதை விட்டுவிடக் கூடாது. மளிகைக் கடை மூட்டையில் கோதுமை மணி ஒன்றிரண்டு கிடந்து நானே எடுத்திருக்கிறேன்.

இதில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. அவனுக்குத்தான் தனிச் சாப்பாடு என்று மூன்று வருடமாக எண்ணிக்கொண்டிருந்தோம். யோசித்துப் பார்த்தால் இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், சோறு, களி எதிலும் கோதுமை கிடையாது. எங்கள் பாட்டி சமைத்ததில் பெரும்பாலும் அவன் சாப்பிடலாம். ரவை உப்புமா, சேமியா, மைதாப் புரோட்டா, பிஸ்கட் இவைதான் தள்ள வேண்டியவை. எனவே வீட்டுக்கே காலை டிபனை அவன் டிபனாக மாற்றிவிட்டோம். ராத்திரி அம்மாவுக்கும் மகளுக்கும் போடுகிற சப்பாத்தியும், மில் மாவில் செய்கிற அம்மாவின் களியும் மகளின் சத்துமாவும் மட்டும் தனி. இவற்றுக்குத் தனிக் கல், தனிக் கட்டை, தனி அலமாரி. மில்லிலிருந்து வருகிற தூக்குகள் எல்லாவற்றிலும் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது. மகன் அதைத் தொடமாட்டான். ரேஷன் புழுங்கலும் இட்லி அரிசியும் சரிபாதி, நாலுக்கு ஒன்று உளுந்து, இதுதான் ஐந்து பேருக்கும் வாரம் நாலு நாள் காலைச் சாப்பாடு. தனித்தனியாகச் சமைத்த நேரமும் காஸும் மிச்சம்.

குழம்புப் பொடியை எல்லோரும் சாப்பிடுகிறோம் என்பதால் அதையும் தெருமுனை மில்லில் அரைப்பதில்லை. காந்தி மார்க்கெட் பக்கம் மிளகாய், மல்லி, மஞ்சள் மட்டுமே அரைக்கிற மில் ஒன்று உண்டு. உள்ளே மாவு மிஷினே இல்லை என்று நேரில் பார்த்துக்கொண்ட பிறகுதான் கொடுத்தேன். மிளகாய் வற்றல் அரைக் கிலோ, மல்லி ஒரு கிலோ, துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, சீரகம், விரலி மஞ்சள் நூறு நூறு கிராம், மிளகும் வெந்தயமும் அரிசியும் 50 கிராம். கூலி சேர்த்து 437 ரூபாய், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பாக்கெட் விலையில் பாதி. பெருங்காயத்தையும் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ சேர்ப்பார்கள். மகன் மாவை நிறுத்தியும் ஒரு வருடம் தேறாமல் இருந்ததற்கு எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருந்த அந்தச் சின்ன டப்பாவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது பின்பக்கம் படிக்காமல் பெருங்காயம் வாங்குவதில்லை. குளூட்டன் உடம்பில் இன்னும் தொந்தரவு செய்கிறதா என்று பார்க்கிற டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனையில், போன மாதம் மகனுக்கு அளவு சரியாக இருந்தது. அந்தத் தாளை மனைவி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

தெருமுனை மில்லின் குறைகளைச் சொல்ல வேண்டும். ஞாயிறு பத்து மணிக்குப் போனால் முன்னால் இருபது தூக்கு இருக்கும், ஒரு மணி நேரம் நிற்க வேண்டிவரும். ஆடி, ஐப்பசியில் அதைவிட மோசம். சீலியாக் இல்லாத வீட்டுக்கும் முந்தின ஆள் அரைத்தது கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். அரிசிக்குப் பின்னால் நம் கோதுமை போனால் பரவாயில்லை, சீயக்காய் அரைத்த மிஷினில் போய்விட்டால் மூன்று கிலோவும் வீண். கேட்டு நின்று போடச் சொல்ல வேண்டும். கிலோவுக்கு இருபது முப்பது கிராம் மிஷினுக்குள் தங்கிவிடும். தூசி அதிகம், இழுப்பு இருப்பவர்கள் உள்ளே நிற்க முடியாது. மாதாந்திர மின்தடை நாளில் கதவு சாத்தியிருக்கும். அப்புறம் சூடு. மாவு சுடச்சுட விழும். அப்படியே மூடிவிட்டால் வியர்த்துக் கட்டி தட்டும், பத்தாம் நாள் வண்டு ஓடும். முதல் தடவை சத்துமாவில் ஒன்றரைக் கிலோவை அப்படித்தான் கொட்டினேன். வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும்.

உழைப்பையும் மறைக்கக் கூடாது. வறுப்பது, பொறுக்குவது, நிற்பது, ஆறவைப்பது எல்லாம் சேர்த்து ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம் போகிறது. இந்த வேலை முழுக்க மனைவி தலையில் விழுந்திருந்தால் இரண்டாவது மாதமே நின்றுபோயிருக்கும், நிற்பதுதான் நியாயமும். வறுப்பது மகள், பொறுக்குவது அம்மா, மில் நான் என்று பிரித்துக்கொண்டோம். அம்மாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல், ஆனாலும் முறத்தைத் தட்டுகிற தட்டில் கல்லும் மணியும் தானே ஓரத்துக்கு வந்துவிடும். கடைசியில் நான் ஒரு தடவை பார்த்துவிடுவேன்.

ஐந்தாவது மாத நோட்டில் 13,250 ரூபாய். மகனின் பாஸ்தா மாதம் ஒரு பாக்கெட் இன்னும் வாங்குகிறோம். பிறந்தநாளுக்கு அவன் கேட்கிற ஒன்று அது, அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

போகிறவர்களுக்கு: காலை ஏழரைக்குத் திறக்கிறார்கள், எட்டுக்குள் போய்விட்டால் அரை மணியில் வந்துவிடலாம். தூக்கின் மூடியிலும் அடியிலும் பெயர் எழுதுங்கள், மூடி மாறிவிடும். யாருக்கு, எதற்கு, என்ன பதம் என்று அண்ணனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். போன ஞாயிறு நான் சொல்வதற்கு முன்னாலேயே அவர் பிடியைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: "அம்மாவுக்குத்தானே? ரவையா?"